ஹிப்ழு என்று நினைத்து அழுத்தியது

லெப்டொப் வாங்கி அனுப்புவதற்காக, சவுதியில் சாரதியாக இருந்த என் கணவர் தொலைபேசியில் என்னென்னவோ கேட்டார். திரை பெரிதாக இருக்க வேண்டுமா, கறுப்பு நிறமா வெள்ளி நிறமா, உள்ளே கமரா வேண்டுமா. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஓடக்குள்ள ஒரு கையால தூக்க ஏலுமா?"

"எங்க ஓடப் போறாய்?"

"கடல் வந்தா."

"ஏலும், பாரமில்ல" என்றார் அவர். சாய்ந்தமருதில் எங்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. சுனாமியாகக் கடல் வந்து நாலு வருடம் கழிந்திருந்தாலும், அலுமாரியோ கட்டிலோ எதை வாங்கினாலும் முதலில் அந்தக் கேள்விதான் எனக்குள் வரும். மேசையில் வைக்கும் கம்பியூட்டரை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

நான் டீச்சர் என்றாலும், எனக்கு லெப்டொப் தேவைப்பட்டது பள்ளிக்கூடத்துக்காக இல்லை, ராத்தாவுக்காக. ராத்தா என் மூத்த சகோதரி. அவளுடைய சீதன வீடு கடற்கரையில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு போனது, காணி உறுதிப் பத்திரம் போனது, அவளுடைய கணவர், என் மச்சான் போனார், ஆறு வயது மகளும் போனாள். ராத்தா மட்டும் மிஞ்சித் தகரக் கொட்டிலில் இருந்தாள். வீடு கொடுக்கிற பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. பிரதேச செயலகக் கந்தோரில் கேட்டால் உறுதி எங்கே என்றார்கள். கடலில் என்று சொன்னேன். அதை எழுதித் தாருங்கள் என்றார்கள். வீடு எங்கே இருந்தது, யார் யார் இருந்தார்கள், என்ன நடந்தது, எல்லாம் டைப் செய்து ராத்தாவின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கையால் எழுதினால் வாசிக்க முடியாதாம்.

போன், டைப் வேலை செய்கிற கொமினிகேசன் கடையில் போய்ச் சொல்லி அடிப்போம் என்றதற்கு ராத்தா மறுத்துவிட்டாள். "கடைக்காரன்ட முகத்தப் பாத்து அதச் சொல்லவா? உனக்கு ஒருக்காச் சொல்றன். ஒருக்காத்தான். பொறகு என்னட்டக் கேக்காத."

அந்த 'ஒருக்கா'வுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

விடுமுறையில் ஊர் வந்த ஒருவரிடம் கணவர் கொடுத்தனுப்பிய லெப்டொப்பைத் திறந்தேன். விசைகளில் ஆங்கிலத்தோடு அரபு எழுத்தும் இருந்தது. சரி, இருக்கட்டும் என்று இயக்கினால் உள்ளேயும் எல்லாம் அரபு. எல்லாமே வலப்பக்கத்தில் தொடங்கின. மூடுகிற பெருக்கல் குறிகூட இடப்பக்கம் போயிருந்தது. நாங்கள் சிறு வயதிலேயே குர்ஆன் ஓதிப் பழகியவர்கள். அரபைப் பார்த்தால் வாய் தானாக ஓதும், ஆனால் அர்த்தம் தெரியாது. அதுவும் குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் குறி போட்டிருக்கும். இதில் குறியும் இல்லை, மொட்டை எழுத்து. என்ன மனுஷன் இவர், இதைப் பார்த்துத்தான் வாங்கினாரா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. போன் எடுத்து ஏசினேன். "மலிவு" என்றார்.

உம்மாவுக்கு வேறு கவலை. என் மடியில் அதைக் கண்டதும் ஓடி வந்தார்.

"காலுக்குக் கிட்ட வைக்காத புள்ள. வுளு இரிக்கா உனக்கு?"

"இது குர்ஆன் இல்ல உம்மா. மெஷின்."

"எழுத்து எழுத்துத்தான்."

அன்றிலிருந்து, தொழுகைக்குக் கைகால் முகம் கழுவுகிற அந்த வுளுவைச் செய்யாமல் அதைத் தொடக் கூடாது. கட்டிலில் வைக்கக் கூடாது. தொழுகை இல்லாத நாட்களில் பக்கத்திலும் போகக் கூடாது. குர்ஆன் உறைக்கு வெட்டிய பச்சை வெல்வெட் துணியில் மிச்சமிருந்ததை எடுத்து உறை ஒன்றும் தைத்துத் தந்தார். ஓதும்போது குர்ஆனைத் தாங்குகிற மரப் பலகை உயரமாக இருக்கிறதே என்று ஒருநாள் லெப்டொப்பை அதில் வைத்துவிட்டேன். அதற்கும் ஏச்சு. அது குர்ஆனுக்கு மட்டுமாம். இது குர்ஆனா இல்லையா என்று ஒரு முடிவுக்கு வாங்க உம்மா என்றேன். அவர் முடிவுக்கு வரவில்லை.

தமிழ் எழுத்துப் போடுவதற்குக் கல்முனைக்குக் கொண்டுபோனேன். வழியில் சோதனைச் சாவடி. பையைத் திறக்கச் சொன்னார்கள், பிறகு லெப்டொப்பை இயக்கிக் காட்டச் சொன்னார்கள். அது மெல்ல, ஆறுதலாகத்தான் எழும்பும். யுத்தம் முடிகிற தறுவாய் அது, எல்லார் முகமும் இறுகிப் போயிருந்தது. திரையில் அரபு வந்ததும் அந்த இராணுவக்காரர் இன்னொருவரைக் கூப்பிட்டார். "சவுதி, மஹத்தயா, சவுதி" என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர்கள் திரையைப் பார்த்தார்கள், என் முக்காட்டைப் பார்த்தார்கள், பச்சை வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார்கள். போகச் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறிப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் தமிழ் எழுத்தைப் போட்டுத் தந்தார். மற்றதையும் மாற்ற வேண்டுமென்றால் முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், பத்து நாள் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். கந்தோரில் கொடுத்த தவணை அவ்வளவு இல்லை. அங்கேயே ஒரு பென் டிரைவை மட்டும் வாங்கினேன். கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கடல் வந்து லெப்டொப் போனாலும் இது போகாது என்று ஒரு நினைப்பு. உம்மா அதைத் தாயத்து என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை.

ராத்தா அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் வந்தாள், ஆண்கள் ஒருவரும் தெருவில் இல்லாத நேரம் பார்த்து. கதவைச் சாத்தினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். நான் அடித்தேன். அவள் சொன்னதை விரல் அடித்துக்கொண்டே போனது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் வேறு சொல் போட்டேன். சொல்லி முடித்ததும் எழும்பி முகம் கழுவிவிட்டுப் போய்விட்டாள். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

மூன்று பக்கம். பென் டிரைவிலேயே வைத்திருந்தேன். கரண்ட் போனால், வைரஸ் வந்தால், என்று ஒவ்வொரு நாளும் திறந்து பார்ப்பேன். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, எதற்கும் இன்னொரு தடவை சேமித்து வைப்போம் என்று நினைத்தேன். சேமிப்பதற்கு அரபில் ஹிப்ழு என்று கணவர் சொல்லித் தந்திருந்தார். அது எனக்குத் தெரிந்த சொல்தானே. குர்ஆனை மனனம் செய்வதைத்தானே நாங்கள் ஹிப்ழு என்கிறோம். மவுஸின் மற்றப் பக்கத்தை அழுத்தினேன். பட்டியல் விரிந்தது. முதல் எழுத்து ஹா. ஒரு ஃபாவும் இருந்தது. மொத்தம் மூன்று எழுத்து. வாய் ஹிப்ழு என்று ஓதிவிட்டது. அழுத்தினேன். ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. கீழே 'நஅம்' என்றும் 'லா' என்றும் இருந்தது. நஅம் என்றால் ஓம், லா என்றால் இல்லை. ஓம் என்றேன்.

கோப்பு திரையிலிருந்து மறைந்தது. பத்திரமாக உள்ளே போய்விட்டது என்று நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். என்ன மடத்தனம்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த நாள் அது, நான் பிரிண்ட் எடுக்கக் கல்முனைக்குப் போனேன். மறுநாள் கந்தோரில் கொடுக்கக் கடைசித் தவணை. சந்தியில் சீனவெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் தோள் குலுங்கியது. கடைக்காரர் பென் டிரைவைச் செருகினார்.

"இதுல ஒண்டும் இல்லையே டீச்சர்."

"வடிவாப் பாருங்க."

"வெறுமையாத்தான் கிடக்கு. நீங்க என்னத்த அமத்தினீங்க?"

நான் கடதாசியில் எழுதிக் காட்டினேன். எழுதும்போதுதான் தெரிந்தது, கடைசியில் வந்தது ழா இல்லை, ஃபா. நடுவில் வேறொன்று இருந்தது. அவர் கட்டாரில் வேலை செய்தவர், அரபு தெரியும்.

"இது ஹிப்ழு இல்ல டீச்சர். ஹத்பு. அழிக்கிறது."

அவர் எதை எதையோ போட்டுத் தேடிப் பார்த்தார். வரவில்லை. எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. ராத்தாவிடம் இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்க என்னால் முடியாது. கேட்காவிட்டால் அவளுக்கு வீடு இல்லை. என் கையை வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அடுத்த நாளை அரசாங்கம் விடுமுறையாக அறிவித்தது. கந்தோர் பூட்டு. தவணை தள்ளிப் போகுமா, இல்லை முடிந்துவிட்டதா, சொல்ல ஒருவரும் இல்லை. சுபஹு தொழுதுவிட்டு லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு என்ன நினைத்தேனோ, முதல் வரியை அடித்தேன். இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள், எந்த இடத்தில் கைலேஞ்சித் துணியை மடித்தாள் என்பதுகூட வந்தது. மறக்க வேண்டும் என்றுதான் நான் அந்த வெள்ளியிலிருந்து பாடுபட்டிருந்தேன். ஒன்றும் மறக்கவில்லை. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் மூன்று பக்கமும் முடிந்தது.

பின்னேரம் ராத்தாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன். மற்றக் கையிலிருந்த பிள்ளையைத் தண்ணீர் பறித்துக்கொண்டது' என்ற இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

எனக்குத் தெரியும். அந்த ஓர் இடத்தில்தான் நான் சொல்லை மாற்றியிருந்தேன், இரண்டு தடவையும்.

"கந்தோருக்குத்தானே ராத்தா. இது போதும்."

"கையை விட்டுட்டன் எண்டுதான் சொன்னன். அப்பிடியே போடு."

"அவங்க வாசிச்சா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். நாலு வருஷமா எல்லாரும் பறிச்சிட்டு, பறிச்சிட்டு எண்டுதான் எனக்குச் சொல்றாங்க. ஒரு கடதாசிலயாவது சரியா இரிக்கட்டும்."

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "ராத்தா, நீங்க சொன்னத நான் அழிச்சிட்டன். தெரியாம அழிச்சிட்டன். இது என்ட நினைவுல இருந்து எழுதினது."

அவள் என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசட்டும் என்றுகூட நினைத்தேன்.

"எல்லாமேயா?"

"ஓம்."

"அந்த ஒண்டுதான் மாறிரிக்கி" என்றாள்.

மறுநாள் கந்தோரில் அந்த மூன்று பக்கத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வீடு கொடுக்க இன்னும் ஒன்றரை வருடம் இழுத்தடித்தார்கள். ஆனால் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது அந்தப் பின்னேரம்தான். நான் 'பறித்துக்கொண்டது' என்பதை அழித்துவிட்டு, 'பிள்ளையின் கையை விட்டுவிட்டேன்' என்று அடித்தேன். சேமிப்பதற்குப் பட்டியலை விரித்தேன். எந்த எழுத்தையும் நம்ப முடியவில்லை, அழுத்தாமல் இருந்தேன். ராத்தா உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வுளு செய்துவிட்டு ஈரக் கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் விரலை வைத்து, வலமிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

"ஹா. ஃபா. ழா." இன்னொரு தடவையும் கூட்டிப் பார்த்தாள். "ழா தானே கடைசி?"

"ஓம் ராத்தா."

"அப்ப அமத்து."