அம்சவேணி ஒட்டிய க்ளைமாக்ஸ்

எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் வருகிற ஐம்பது பேரில் தியேட்டருக்கு வாரா வாரம் போகிறவள் ஒருத்திதான். ஆனால் புதுப் படம் எதைக் கேட்டாலும் ஐம்பது பேரும் கதை சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை அம்சவேணி ஆம்பூரில் மேட்னி பார்ப்பாள். திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு மாதனூரில் பஸ் ஏறியதும் சொல்ல ஆரம்பிப்பாள். பஸ் ஊர் ஊராகச் சுற்றிக் கம்பெனி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். பெரிய படமென்றால் புதன்கிழமை வரை ஓடும்.

அவள் புருஷன் லோகநாதனும் கூடப் போவார். இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவார். அவருக்கும் சேர்த்துத் தானே பார்ப்பதாக அம்சவேணி சொல்லிக்கொள்வாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை, பாப்கார்ன் முழுசாகக் கிடைக்கிறது.

கம்பெனியில் அவளுக்கு ஃபைனல் செக்கிங் வேலை. முடிந்து வருகிற ஷூவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பாள். தையல் கோணலா, சோல் பிரிந்திருக்கிறதா, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒட்டினது ரீவொர்க்குக்குப் போகும், சரி செய்து திரும்ப வரும். சரி செய்யவே முடியாதது மட்டும் ரிஜெக்ட். பதினாறு வருஷமாக இதையே செய்கிறாள். கல்யாண மண்டப வாசலில் கிடக்கிற செருப்புகளைக்கூட அவளால் சும்மா தாண்டிப் போக முடியாது. அவள் பாஸ் செய்ததை டப்பாவில் போடுகிற பக்கத்து டேபிள் நான். என் பெயர் சௌந்தரம். பஸ்ஸில் கேட்ட படத்தைச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை கேட்கிற தலையெழுத்தும் எனக்குத்தான்.

படத்தையும் அவள் ஷூவைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். ஒரு படத்தில் ஹீரோ வெள்ளத்தில் நீந்தி ஊரையே காப்பாற்றினானாம். தியேட்டரே அழுததாம். "கழுத்து மட்டும் தண்ணில வந்தவன் வூட்டுக்குள்ள நுழையுறான், ஷூ இன்னா பளபளன்னு இருக்குதுன்ற! ரீவொர்க்" என்றாள். பேய்ப் படம் ஒன்று பார்த்துவிட்டு வந்து, "காத்துல மிதக்குற பேய்க்கு இன்னாத்துக்குக்கா ஹீல்ஸு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? சண்டைப் படத்தில் அடி வாங்கினவர்களை எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு பேர். அதில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருத்தன் மூன்று தடவை விழுந்தானாம். அது ரிஜெக்ட்.

இந்த வருஷம் ஒரே ஒரு படத்தைத்தான் ஸ்டிக்கர் இல்லாமல் பாஸ் செய்தாள். அதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது என்று நான் எரிந்து விழுந்தேன். "ஒருத்தரும் கத்தலக்கா" என்றாள். எட்டு மணி நேரம் லைன் சூப்பர்வைசரின் கத்தலைப் பக்கத்தில் நின்று கேட்கிறவள் அவள்.

ஆடி மாசம் லோகநாதனுக்குக் காய்ச்சல். வாங்கின டிக்கெட் வீணாகிறதே என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். குடும்பப் படம். கதாநாயகியின் புருஷன் குடிக்கிறான், அடிக்கிறான். அவள் வீட்டை விட்டு வந்து தையல் கடை வைத்து நன்றாக இருக்கிறாள். கடைசியில் அவனுக்கு ஆக்சிடென்ட். ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய் அவன் காலில் விழுந்து அழுகிறாள், கடையை மூடிவிட்டு அவனோடு போய்விடுகிறாள். சுபம். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது என்பதை மறைக்கவில்லை. அம்சவேணி மட்டும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

புதன்கிழமை பஸ்ஸில் க்ளைமாக்ஸ் வந்தது. எங்களுக்கு முன் சீட்டில் சங்கீதா ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஸ்டிச்சிங்கில் வேலை, இருபத்தாறு வயசு. திருப்பத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் அடித்ததில் இடது காது சரியாகக் கேட்காது. ஆறு மாசத்துக்கு முன் அம்மா வீட்டுக்கு வந்தவள் எங்கள் கம்பெனியில் சேர்ந்தாள். திரும்பிப் போ என்று அவள் தாய்மாமன் வாரம் தவறாமல் வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து உக்காந்தா. வாங்கினு வந்த சாத்துக்குடிய டேபிள் மேல வெச்சா" என்றாள் அம்சவேணி. "நர்சு, நீங்க யாரும்மான்னு கேட்டுச்சு. தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டு எழுந்து போய்ட்டா. கடை தொறக்க நேரமாச்சுன்னு. அவ்ளோதான் படம்."

நான் அவள் தொடையில் கிள்ளினேன். அவள் திரும்பவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, நானும்தான கூட உக்காந்து பார்த்தேன்? எவ சாத்துக்குடி வெச்சா?"

"மேல எல்லாம் நல்லா இருந்துச்சுக்கா. கடைசி பத்து நிமிஷம்தான் சோல் பிரிஞ்சி நின்னுது. ஒட்டி அனுப்பிட்டேன்."

"அது பொய்யி."

"சங்கீதா எதுர்ல உக்காந்துனு இருக்கா. அவ கால்ல உழுந்தான்னு எந்த வாயால சொல்றது?" என்று சொல்லிவிட்டுப் புளிசாதத்தைப் பிசைந்தாள். 

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கீதா வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். யோசிக்க டைம் வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். அதுவரை அவள் எதையும் கேட்டதில்லை என்பதால் திகைத்துப் போய்க் கொடுத்துவிட்டார்கள். விஜயதசமி வரை டைம், அன்று சாயந்திரம் புருஷன் வீட்டார் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு.

புரட்டாசி பிறந்ததும் டிவியில் விளம்பரம் வந்தது. விஜயதசமி அன்று மதியம் இரண்டு மணிக்கு அதே படம். முதல் முறையாக உங்கள் இல்லங்களில்.

அம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் எல்லோருக்கும் அவள் சொன்னது புளுகு என்று தெரிந்துவிடும், அதற்காக இல்லை. "அதப் பார்த்துட்டுதான்கா அவ போவப்போறா. ரெண்டு மணிக்குப் படம், சாயந்தரம் வண்டி வந்து நிக்குது. நான் ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தாகூடப் பரவால்ல. ஆசை காட்டி ஏமாத்தின மாதிரி ஆச்சே" என்று பேக்கிங் டேபிளுக்கே வந்து புலம்பினாள். அன்றைக்கு அவள் பாஸ் செய்ததில் இரண்டு ஜோடிக்கு லேஸ் இல்லை. நான் பார்த்துத் திருப்பி வைத்தேன். அவளைத் திட்ட நல்ல சந்தர்ப்பம், ஆனால் மனசு வரவில்லை.

விஜயதசமி கழிந்து மறுநாள் காலை பஸ் ஓடைப் பாலத்தில் நின்றது. சங்கீதா ஏறுகிற இடம். யாரும் இல்லை. டிரைவர் வேதாசலம் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு கியரைப் போட்டார். "ரெண்டு நிமிசம் நில்லு வேதாசலண்ணா" என்று அம்சவேணி படிக்கட்டில் இறங்கி நின்றுகொண்டாள். பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எல்லோரும்தான் படம் பார்த்திருந்தார்களே.

சந்து முனையில் சங்கீதா ஓடிவந்தாள். தலை ஈரம், கையில் சாப்பாட்டுப் பை. அவள் ஏறி உட்கார்ந்ததும் அம்சவேணி அவள் பக்கத்தில் போய், நல்ல காது பக்கமாக உட்கார்ந்தாள்.

"தப்பா சொல்லிட்டேன்மா. தியேட்டர்லயும் அதேதான் முடிவு. நான்தான் மாத்திட்டேன்."

"தெரியும்கா" என்றாள் சங்கீதா. "நான் மொதல் வாரமே பார்த்தேன்."

அம்சவேணி அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"மாமாதான் இட்டுனு போனாரு. பார்த்தாவது புத்தி வரட்டும்னு. கடைசில அவ கால்ல உழுந்தப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"அப்ப பஸ்ல நான் சொன்னப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அதே கதைதானன்னு கண்ண மூடினு இருந்தேன். அவ சாத்துக்குடிய வெச்சிட்டு எழுந்து போனா பாரு, தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்டிக்கூடப் போலாமான்னு."

அம்சவேணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பேய்ப் படத்தில்கூட செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத்தான் பொறுமை இல்லை.

"நேத்து சாயந்தரம் அவங்க வந்தாங்களா இல்லியா? அதச் சொல்லு மொதல்ல" என்றேன்.

"வந்தாங்க. மாமாவும் எங்க வூட்லதான் உக்காந்து முழுப் படமும் பார்த்தாரு. 'பார்த்தியா, அவளே போய்ட்டா, உனக்கு இன்னா'ன்னாரு." சங்கீதா ஈரத் தலையை அவிழ்த்து உதறி, திரும்ப முடிந்துகொண்டாள். "அவ போனா போவட்டும் மாமா, எனக்கு நாளைக்கு டூட்டி இருக்குதுன்னு சொல்லிட்டேன்."