காங்கேயத்தில் கேட்ட பூவாக்கு

காலை ஆறரை மணி. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் நானும் என் மகள் சுமதியும் நின்றிருந்தோம். 1994, தை மாதப் பனி. வீட்டு வாசலில் மாருதி கார் நிற்கிறது, ரொக்கம் கொடுத்து வாங்கியது. இருந்தாலும் பேருந்தில்தான் போக வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். கேட்கப் போகிறவன் காரில் போய் இறங்கினால் அது கேட்கிற மாதிரியா இருக்கும் என்பது அவள் கட்சி. முழங்கால் வலியால் அவள் வரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். பதினோரு வயதில் வார்ப்படப் பட்டறைக்கு மண் சலிக்கப் போனேன். இன்றைக்கு என் பம்பு தண்ணீர் இறைக்காத தாலுகா கொங்கு நாட்டில் கிடையாது. காசிக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்து நான் எழுதியதைப் படித்துவிட்டு, பெரிய பெரிய முதலாளிகள் டெலிபோனில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். இந்தத் தடவை போனது அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் காசிக்குப் போகும்போதுகூட நான் இப்படி மூன்று தடவை சட்டை மாற்றவில்லை.

சுமதி பீளமேட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறாள். அதற்கு முந்தின கார்த்திகையில் காங்கேயம் பக்கத்திலிருந்து பொன்னுசாமி என்பவரும் அவர் மனைவி வள்ளியம்மாளும் மகனோடு பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனுக்குத் திருப்பூரில் பனியன் மிஷின் சாமான் கடை. இவளுக்கும் பிடித்தது, அவனுக்கும் பிடித்தது. எல்லாம் முடிந்து காப்பி குடிக்கும்போது, காலேஜில் என்ன பாடம் என்று வள்ளியம்மாள் கேட்டார். இவள் ஒளிக்காமல் சொன்னாள். அப்படியானால் நாமெல்லாம் குரங்கிலிருந்து வந்தோமா என்று அந்த அம்மாள் கேட்க, இவள் சொன்ன பதில்:

"இல்லீங்க அத்தை. கொரங்கு நமக்கு அப்பன் இல்லீங்க, பங்காளி. ரெண்டு பேத்துக்கும் பாட்டன் ஒருத்தருங்க."

வள்ளியம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பங்காளின்னா, அது செத்தா நமக்குத் தீட்டுங்களா?"

அவர் நிஜமாகவே கேட்டார். அதனால் யாராலும் சிரிக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். சாமி இல்லை என்கிற பெண் வந்தால் வீட்டில் விளக்கு எரியுமா என்று அந்த அம்மாளுக்குப் பயமாம். அவர்கள் குலதெய்வம் கோயிலில் பூவாக்குக் கேட்டு, அம்மன் சரி என்றால் சரி, இல்லையென்றால் இல்லை. பெண்ணையும் கூட்டி வரவேண்டும். இதற்கு முன் வந்த மூன்று வரன்களைச் சுமதியே வேண்டாம் என்றவள். இந்தத் தடவை என்னிடம் ஒரே பேச்சுத்தான் பேசினாள். "பொய் சொல்லிக் கல்யாணம் வேண்டாங்கப்பா. ஆனா இவிய வேணும்."

பேருந்து கிளம்பியது. ஆளுக்கு ஒன்பது ரூபாய் டிக்கெட். ஒண்டிப்புதூர் தாண்டியதும், சம்பந்தி வீட்டில் பேசுவதற்கு நான் தயார் செய்து வைத்திருந்ததை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்தோம். அப்புறம் ஆயில் இஞ்சின் வந்தது. அப்புறம் மோனோபிளாக், இப்போது சப்மெர்சிபிள். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததுதான். அதற்காக, செய்தவன் இல்லை என்று ஆகிவிடுமா? கடவுளும் என்னைப்போல் ஒரு பட்டறைக்காரர், அவ்வளவுதான். பிரமாதமாக இருக்கிறதல்லவா?

சுமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் இருக்குதுங்கப்பா. ஆனா உங்க பம்பு குட்டி போடாதுங்களே."

சூலூர் வரும் வரை நான் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பாய் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கோட்டைமேட்டில் நெய் மண்டி வைத்திருப்பவர், வாரா வாரம் காங்கேயத்துக்கு நெய் எடுக்கப் போவாராம். அவர் வேதத்தில் மனிதனை மண்ணால் செய்ததாகத்தானே இருக்கிறது, என் மகள் வேறு மாதிரி சொல்கிறாளே என்று அவரையே நியாயம் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மண்ணுல இருந்துதாங்க. எத்தன நாள்ல செஞ்சான்னு நாம கணக்குப் போட முடியுங்களா? படைக்கிறவனுக்கு என்னங்க அவசரம்? நாமதான் பஸ்ஸைப் புடிக்கோணும்."

இது நானும் எப்போதோ நினைத்ததுதான். சொல்லத்தான் சந்தர்ப்பம் வரவில்லை.

ஏழரைக்குப் பல்லடம். டீ ஒன்றரை ரூபாய், தண்ணீர்தான் அதிகம். பொங்கலூர், அவிநாசிபாளையம் தாண்டியதும் பூமியே மாறிவிடுகிறது. கோயமுத்தூர்க்காரர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் காடுகள். அங்கங்கே ஒரு வெள்வேல மரம். காய்ந்து பழுப்பாகக் கிடக்கிற கொழுக்கட்டைப் புல். பார்த்தால் ஒன்றுமில்லாத காடு. ஆனால் வேலிக்கு உள்ளே நிற்கிற மாட்டைப் பார்த்தால் மினுமினு என்று இருக்கிறது.

எட்டரைக்குக் காங்கேயம். அங்கிருந்து ஊர் ஏழு கிலோமீட்டர். பேரைப் போட வேண்டாம் என்று சம்பந்தி சொல்லியிருப்பதால் விடுகிறேன். ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார், முப்பத்தைந்துக்கு வந்தார். வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வருவது இரண்டே காரியத்துக்குத்தான், மாடு பார்க்கப் போகிறீர்களா, பெண் பார்க்கவா என்று கேட்டார். பெண்ணைக் காட்டப் போகிறேன் என்றேன். கண்ணாடியில் சுமதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து ரூபாயை அவராகவே விட்டுக் கொடுத்தார்.

பொன்னுசாமி எங்களை வீட்டுக்குள் அழைப்பதற்கு முன்பே கட்டுத்தறிக்குத்தான் கூட்டிப் போனார். இனவிருத்திக்கு வைத்திருக்கிற காளை அங்கே நின்றது. இரும்பில் வார்த்தால்கூட அப்படி ஒரு திமில் வராது. வார்ப்படம் தெரிந்த நான் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு பசு, அதன் மடியை முட்டிக்கொண்டு செக்கச்செவேலென்று ஒரு கன்று. வள்ளியம்மாள் முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டு தூரமாகவே உட்கார்ந்திருந்தார். வாங்க என்று சொன்னதோடு சரி.

தன் தாத்தா காலத்திலிருந்து வருகிற வம்சம் என்று காளையைப் பற்றிப் பொன்னுசாமி அரைமணி பேசினார். பெருமை பேசுகிற ஆளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் இவர் பேச்சில் விஷயம் இருந்தது. சுமதி கன்றின் காதைத் தடவியபடி, தாத்தா காலத்து மாடும் இதே மாதிரிதான் இருந்ததா என்று கேட்டாள்.

"அதெப்படி கண்ணு? அப்பக் கொம்பு விரிஞ்சு கெடக்கும். நல்லதாப் பாத்துப் பாத்துச் சேத்தி, இந்த லட்சணத்துக்குக் கொண்டாந்தோம்."

"இதத்தானுங்க மாமா நான் காலேஜ்ல சொல்லித்தாரேன்."

பொன்னுசாமி காளையின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தார். பிறகு மடக்கினார். "இங்க பொறுக்கறதுக்கு நான் இருக்கறேன். காட்டுல பொறுக்கறதுக்கு ஆரு இருக்கறா?"

"பஞ்சம் இருக்குதுங்களே மாமா. இந்தக் காஞ்ச புல்லத் தின்னு தாங்குனது நின்னுச்சு. தாங்காதது போயிருச்சு. நின்னது கன்னு போட்டுச்சு."

முறத்தின் சத்தம் நின்றுபோனது. வள்ளியம்மாள் அங்கிருந்தபடியே கேட்டார்: "அந்தப் பஞ்சத்தையும் மழையையும் அனுப்பறது ஆரு, அம்மணி?"

என் பம்புக் கதையை எடுத்துவிட இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன். சுமதி என்னை முந்திக்கொண்டாள்.

"அது எம் பாடத்துல இல்லீங்க அத்தை. பாடம் முடியற அந்த எடத்துல நானும் கும்புட்டுக்குவனுங்க. நெதமும் வெளக்குப் பொருத்திப்போட்டுத்தான் காலேஜ் போறேன்."

வள்ளியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து சுமதி கையில் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கோயில். பையனும் திருப்பூரிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டான். ஊருக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஓட்டுக் கூரை போட்ட சின்னச் சன்னதி. பூவாக்குப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்து, அடையாளம் தெரியாமல் அம்மன் பாதத்தில் வைப்பார்கள். வேண்டிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அம்மன் வாக்கு. கேட்பது யார் என்று பூசாரி கேட்டார். எந்தச் சபையானாலும் முன்னால் போய் நிற்பது என் பழக்கம். நான்தான் கேட்கிறேன் என்று போய் நின்றேன். எடுக்கிற கை வீட்டுப் பெண் கையாக இருக்க வேண்டும் என்றார்கள். வள்ளியம்மாள் எடுத்தார். பூசாரி இலையைப் பிரித்தார்.

சிவப்பு.

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். பொன்னுசாமியைக் கட்டிப் பிடித்து, மச்சான் என்று உரக்கக் கூப்பிட்டேன். பூசாரி தட்டில் நூறு ரூபாய்த் தாளை வைத்தேன். கோயில் மணியைக்கூட அடித்துவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், என்னைத் தவிர யாரும் அசையவில்லை. பொன்னுசாமி மரம் மாதிரி நின்றார். பையன் தரையைப் பார்த்தான்.

"ஏனுங்க," என்றார் பூசாரி மெதுவாக, "வெள்ளை வந்தாத்தானுங்க சம்மதம்."

"எங்க கோயல்ல செவப்புத்தானுங்களே சம்மதம்?" என்றேன். எங்கள் குலதெய்வத்துக்கு அதுதான் வழக்கம். இரத்தக் களை உள்ளது கல்யாணப் பூ, வெள்ளை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அறுபத்திரண்டு வயது வரைக்கும், ஊருக்கெல்லாம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

பூசாரி தலையைச் சொறிந்தார். அப்படி ஒரு வழக்கு அந்தக் கோயிலுக்கு அதுவரை வந்ததில்லையாம். "கேட்டது அவருங்க. கேட்டவருக்குப் புரியறாப்பல அம்மன் சொல்லியிருக்கலாமுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

எல்லாரும் வள்ளியம்மாளைப் பார்த்தோம். அவர் உள்ளங்கையில் அந்தச் சிவப்புப் பூ இருந்தது. சுமதி முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இலையப் பிரிச்சதும் எனக்கு நெஞ்சு அடச்சுப்போச்சுங்கண்ணா," என்றார் வள்ளியம்மாள். "அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, இந்தப் புள்ளைய உடறதுக்கு எனக்கு மனசில்லீன்னு. அந்த மனசக் குடுத்ததும் அம்மன்தானுங்களே?" பிறகு புருஷனைப் பார்த்தார். "ஏனுங்க, நம்ம கட்டுத்தறியில அத்தன கன்னும் செவலையாத்தான பொறக்குது? ஆறு மாசத்துல தானா வெளுத்துப்போகுதில்ல? வருசாவருசம் அதப் பாத்துப்போட்டு, பூ செவப்பா வந்துதுன்னு நாம பயப்படலாமுங்களா?"

பொன்னுசாமி சிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி அந்தப் பூவைச் சுமதி தலையில் வைத்தார். வைத்துவிட்டு அவள் காதருகே கேட்டது எனக்கும் கேட்டது: "கொரங்கு செத்தா தீட்டு இல்லியே, அம்மணி?"

"இல்லீங்க அத்தை. ரொம்பத் தூரத்துப் பங்காளிங்க."

பகல் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. பருப்புக்கு ஊற்றிய நெய்யை மட்டும் சொல்கிறேன். கோயமுத்தூரில் எந்தக் கல்யாணத்திலும் அந்த மணம் இல்லை. என் மகள் கல்யாணத்தில் இருக்கும். வைகாசியில் முகூர்த்தம்.

மாலை நாலு மணிப் பேருந்தில் திரும்பினோம். சுமதி வழியெல்லாம் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டதற்கு, வெள்ளை வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் குதித்திருப்பார்கள், நான் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதிருப்பேன். எந்தப் பூ வந்தாலும் ஒரு வீட்டுக்குச் சம்மதம்தான். இதை யார் இப்படி ஏற்பாடு செய்தது என்று அவளையே கேட்டேன். பாடத்தில் இல்லை என்றாள்.

சிங்காநல்லூரில் இறங்கி, வீட்டுக்குப் போகும் முன் பட்டறையை எட்டிப் பார்த்தேன். லாரிக்குக் காத்திருந்த பம்புகள் நீல வண்ணத்தில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் நான் பார்த்துப் பார்த்துத் திருத்தியது. நல்ல சாமான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காலையில் எத்தனை வைத்துவிட்டுப் போனேனோ அத்தனைதான் இருந்தது. காங்கேயத்தில் அந்தச் செவலைக் கன்று இந்நேரம் மறுபடியும் மடியை முட்டிக்கொண்டிருக்கும். அது வெளுக்கும், வளரும், அதற்கும் ஒரு கன்று பிறக்கும், யாரும் கைவைக்க வேண்டியதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டறைச் சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். என்னைவிடப் பெரிய தொழில்காரன் ஒருவன் இருக்கிறான் என்று நான் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.