இடது காதுப் பக்கம்

காதுக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே, சத்தம் புகாத சின்னக் கூண்டு ஒன்று உண்டு. அதற்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே இருந்து ஒலி அனுப்புவார். கேட்டால் அமுக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

"நான் பேசறது மட்டும் இவருக்குக் கேக்கறதில்ல, அதுக்கு ஏதாவது மெஷின் இருக்கா?" என்று கணவனை இழுத்து வந்த மனைவிமார் எத்தனையோ பேர். அவர்களையெல்லாம் காதுக்காரர் சிரித்தே அனுப்பிவிடுவார். ஒன்றுமே அனுப்பாதபோதும் டக்டக்கென்று பொத்தானை அமுக்குகிறார்களே, அவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது. பரீட்சையில் மார்க் குறைந்துவிடுமோ என்கிற மாதிரி ஒரு பயம் அவர்களுக்கு. இல்லாததை இருக்கிறது என்று சொல்வது அவர் ரத்தத்திலேயே கிடையாது.

அதனால்தானோ என்னவோ, பிரார்த்தனையை அவர் மனைவியிடம் விட்டிருந்தார். எந்தச் சொந்தக்காரரை எப்போது நலம் விசாரிப்பது, யாருடைய கோபத்தை எப்படித் தணிப்பது, கடவுளிடம் என்ன கேட்பது, மூன்றும் அந்த அம்மாளின் இலாகா. இவர் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பதோடு சரி.

மகனுக்கு இருபத்து மூன்று வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஒரு நாள் ஏணி சறுக்கி ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். தலையின் வலப்பக்கம் தரையில் மோதியது. உயிர் தப்பியது, தானாக மூச்சும் விட்டான். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அப்பா தரைத்தளத்தில் ஊர்க் காதுகளைப் பார்க்க, மகன் அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் படுத்துக் கிடந்தான்.

எட்டு வாரம் அந்த அம்மாள் வேண்டாத வேண்டுதல் இல்லை. ஒன்பதாம் வாரம் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கணவரிடம் சொன்னாள்: "வேண்டி வேண்டி வாயே ஓஞ்சுபோச்சுங்க. ஒரு பதிலும் இல்ல. இனிமே நீங்க கேட்டுப் பாருங்க."

இலாகா இப்படிக் கைமாறியதில் புது மந்திரி தடுமாறிப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படித் திருப்பத்தில், உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்த மூலையில் போய் நின்றார். கடவுளை எந்த மரியாதையில் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. முதல் நாள் 'நீங்க' என்று தொடங்கியது மூன்றாம் நாள் 'நீ' ஆகிவிட்டது. கேட்டது ஒன்றே ஒன்றுதான், பையனை எழுப்பிவிடு என்று. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். ஒரு நாள் மகனின் விரல் அசைந்தது. வேறு யாராவது என்றால் ஊரையே கூட்டியிருப்பார்கள். தசைத் துடிப்புதான் என்று நர்ஸ் சொன்னாள், இவரும் அப்படித்தான் என்றார். அந்த நேரத்திலும் பொய்யாகப் பொத்தானை அமுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பத்தாம் வாரம் மைத்துனர் பார்க்க வந்தார். கட்டிலோரம் நின்று, டாக்டர் என்ன சொல்கிறார், முன்னேற்றம் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காதுக்காரருக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. இவன் எப்பவோ போயிட்டான், உடம்பைத்தான் காத்துட்டிருக்கோம். இங்கயும் ஆளில்ல, மேலயும் ஆளில்ல."

மறுநாளிலிருந்து அவர் மாடிப்படித் திருப்பத்தின் பக்கமே போகவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் ஒரு காது சோதனை எழுதிக் கொடுத்தார். பொத்தான் அமுக்கத் தெரியாத கைக்குழந்தைகளுக்கும், நினைவில்லாமல் கிடப்பவர்களுக்கும் செய்வது அது. தலையில் மெல்லிய கம்பிகளை ஒட்டிக் காதுக்குள் 'டிக், டிக்' என்று ஒலி அனுப்பினால், அது மூளைத்தண்டு வரை போகிறதா என்று திரையில் கோடாகத் தெரியும். ஒரே ஒரு டிக்குக்கு வரும் பதில் மிக மிகச் சின்னது, உடம்பின் மற்ற இரைச்சலில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் ரெண்டாயிரம் டிக் அனுப்பி எல்லாவற்றையும் மெஷின் சேர்த்துப் பார்க்கும். சேரச் சேர இரைச்சல் அடங்கிப் பதில் மேலே வரும். ஒரு தடவை வந்தால் போதாது. மறுபடி செய்து இரண்டு கோடும் ஒத்துப்போக வேண்டும்.

சொந்தப் பிள்ளைக்குத் தான் செய்யக்கூடாது, ஆசை கண்ணை மறைத்துவிடும் என்று காதுக்காரர் ஒதுங்கிக்கொண்டார். பதினைந்து வருஷமாகப் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் அம்மாள் மெஷினை உருட்டிக்கொண்டு மேலே வந்தாள். இவர் கால்மாட்டில் நின்றார்.

வலது காதில் ரெண்டாயிரமும் ஓடி முடிந்தது. கிறுக்கல்தான். மறுபடியும் ஓட்டினாள், மறுபடியும் கிறுக்கல். எலும்பு உடைந்த பக்கம் அது. இடது காதில் தொடங்கி முன்னூறு தாண்டியது, அதே கிறுக்கல். காதுக்காரர் திரும்பிக்கொண்டார்.

"நிறுத்திடுங்கம்மா. ஒண்ணும் வரல."

"முன்னூறுலயே எழுந்து போற தாய்மார்களை நீங்க எத்தனை பேரைப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கீங்க, சார்? முடியட்டும்."

தொள்ளாயிரத்தில் கோட்டில் ஒரு மேடு தட்டியது. ஆயிரத்து ஐந்நூறில் அது நிமிர்ந்தது. ரெண்டாயிரத்தில், பாடம் நடத்த எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல அலை தெளிவாக நின்றது. இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது.

"இந்தப் பக்கம் சத்தம் நல்லாவே உள்ள போகுது சார். அதைப் புரிஞ்சுக்கிறானான்னு இந்த மெஷின் சொல்லாது. உங்களுக்குத் தெரியாததில்ல" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் காதுக்காரருக்கு முதலில் வந்தது வெட்கம். போன வாரம் மைத்துனரிடம் அந்தப் பேச்சைப் பேசினாரே, கட்டிலின் இடப்பக்கம் நின்றுதானே பேசினார். பதில் வராததற்கும் கேட்காததற்கும் உள்ள தூரத்தைக் கண்ணாடிக்கு வெளியே இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து அளந்த மனுஷர். ஊருக்குத்தான் அந்த உபதேசம் போலிருக்கிறது. பதில் இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஆளே இல்லை என்று ஒரே மூச்சில் மகன், கடவுள் இரண்டு பேருக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார். அதுவும் முன்னூறில் எழுந்துபோகிறவர் மாதிரி.

நாற்காலியை இடப்பக்கம் போட்டு, மகனின் காதருகே குனிந்தார்.

"டேய், அப்பா அன்னைக்கு மாமாகிட்ட சொன்னது தப்புடா. நீ இங்கதான் இருக்கே. மன்னிச்சுக்கோ."

மகன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அவனோடு பேசினார். பிறகு அதே நாற்காலியில், அதே குரலில், கடவுளிடமும் மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எழுந்து போக அவருக்குத் தோன்றவில்லை.

மகனின் துவைத்த துணிகளோடு மனைவி வந்து வழக்கம்போல வலப்பக்கம் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் வா என்று அவர் கூப்பிட்டு, சோதனையைப் பற்றிச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நாம பேசறதெல்லாம் அவனுக்குத் தெரியுதுங்களா?"

தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வயிறு குளிர்ந்திருக்கும். காதுக்காரருக்கு அந்த வார்த்தை வாய் வரை வந்தது.

"உள்ள போகுது. அதுவரைக்கும்தான் மெஷின் பார்த்துச்சு. மிச்சத்தை நம்பித்தான் பேசணும்."

அவள் மகன் மேல் குனிந்தாள். பிறகு அவன் இடது காதில் வாயை வைத்தாள்.

"ஏண்டா, ஏணியை ஒழுங்கா வெக்கத் தெரியாதா உனக்கு? எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? பெத்தவ சொன்னா காதுல ஏறுமா உனக்கு?"

பதினொரு வாரமாக அவனை யாரும் திட்டவில்லை. சுற்றி நின்று அழுதிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவள் திட்டித் தீர்த்தாள், கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டச் சொட்டத் திட்டினாள். திட்டி முடித்த மூச்சிலேயே, முகத்தைக்கூடத் துடைக்காமல், விட்ட இடத்திலிருந்து கடவுளை வேண்டவும் தொடங்கினாள். காதுக்காரரும் அவள் பக்கத்தில் நின்று, முதல் தடவையாக, அவளோடு சேர்ந்து வாய்விட்டு வேண்டினார்.