கேப்சூல் வந்தது, கருவி வரவில்லை

மூச்சுக்குழாயை விரிக்கும் பொடி அடைத்த கேப்சூலை, அதை உறிஞ்சும் கருவியோடு சேர்த்தே வழங்க வேண்டும். உறிஞ்சும் முறையையும் செய்து காட்ட வேண்டும். விதி இவ்வளவுதான். நன்னிலம் பக்கத்து அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த எனக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. குழப்பம் பெட்டியில் வந்தது. கேப்சூல் இருந்தது, கருவி இல்லை.

கருவி கேட்டு மாவட்ட மருந்துக் கிடங்குக்கு இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், போட்டேன். பதில் வருவதற்குள் கிராம முகாமுக்குப் போன குழு கேப்சூல்களை எடுத்துப்போய் விநியோகித்துவிட்டது. முகாமுக்கு இலக்கு உண்டு. இலக்குக்குக் கருவி தேவைப்படாது.

1. வேளை தவறாமல்

குறுவை அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மெஷினுக்கு நெல் அள்ளிக் கொட்டும் அமிர்தவல்லி, கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு விசிலடித்தது.

"முகாம்ல குடுத்தத எடுத்துக்கிட்டீங்களா?"

"வேளை தவறாம போட்டேன் சார். சுடுதண்ணில."

"முழுங்கினீங்களா?"

"பின்ன, மாத்திரைய தலையிலயா வச்சுக்குவாங்க? வயிறு நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுதான் கேக்க மாட்டேங்குது."

நுரையீரலுக்குப் போக வேண்டிய பொடி வயிற்றுக்குப் போயிருக்கிறது. மாத்திரை மாதிரி கையில் கொடுத்ததை அவர் மாத்திரையாகவே சாப்பிட்டிருந்தார்.

"நாளைக்கும் இப்புடி இழுத்துக்கிட்டு வந்தா வேற ஆளு போட்டுக்குறேன்னுட்டாரு மேஸ்திரி. சீசனுக்குத்தான் சார் எங்களுக்கு வேலையே."

டாக்டரம்மா நெபுலைசர் வைத்து மூச்சைத் தணித்தார். பிறகு ஸ்டோரிலிருந்த இன்ஹேலர் பம்பைக் கொடுக்கச் சொன்னார். அழுத்துவதும் இழுப்பதும் அமிர்தவல்லிக்கு ஒருசேர வரவில்லை. மருந்து நாக்கிலேயே படிந்தது. பம்புக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைத் தேக்கி வைக்க ஸ்பேசர் என்ற குடுவை உண்டு.

"ஸ்பேசர் வேணும் மேடம். நம்மகிட்ட இல்ல. எழுதட்டுமா?"

"எழுதுங்க சார். அதுவரைக்கும் உங்க தண்ணி பாட்டில குடுங்க."

என் அரை லிட்டர் பாட்டிலைக் கழுவிக் காயவைத்தோம். பம்பின் வாய் இறுக்கமாக நுழையும்படி அடியில் ஓட்டை போட்டு, சுற்றிலும் பிளாஸ்டர் ஒட்டினோம். பம்பைக் குலுக்கி ஒரு அழுத்து. பாட்டிலில் வாய் வைத்து நிதானமாக மூச்சு. மருந்து உள்ளே சற்று நேரம் காத்திருக்கும், பதறத் தேவையில்லை.

"களத்துல இத எடுத்தா, பட்டப்பகல்ல குடிக்கிறா பாருன்னு சொல்லுவாளுவ டாக்டரம்மா."

"சொல்லட்டும். திருப்பித் திட்டறதுக்கு மூச்சு வேணும்ல?"

அமிர்தவல்லி சிரித்தார். சிரிப்பில் விசில் இல்லை. மறுநாள் வேலைக்குப் போனார். மேஸ்திரி வேறு ஆள் தேடவில்லை.

2. என் சொந்த விதி

பம்ப் தீர்ந்து வரும்போதெல்லாம் அமிர்தவல்லியைப் பாட்டிலைக் கொண்டுவந்து என் எதிரில் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொன்னேன். இளைய மருந்தாளுநர்களுக்கும் அதையே சொல்வேன்: நோயாளி இழுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, மருந்து வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இண்டென்ட்டுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கும் நினைவூட்டல் அனுப்பினேன். குறுவை முடிந்து சம்பா கதிர் முற்றியது. அமிர்தவல்லி அடுத்த சீசனுக்குப் புதுப் பாட்டில் தயார் செய்துகொண்டார்.

கடைசியில் பதில் வந்தது. கேப்சூலையும் கருவியையும் சேர்த்தே வழங்கும் விதியைத் தவறாமல் பின்பற்றும்படி அதில் அறிவுறுத்தியிருந்தார்கள். கருவி எப்போது வரும் என்று ஒரு சொல் இல்லை. பதில் வந்த நாள், போகிக்கு முதல் நாள்.