கோவிந்தம்மாள் தோண்டிய குழி

திண்டிவனத்தில் இங்கிலீஷ் டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவன் நான். போன மாசி மாதம் தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் ஆட்டு நோயைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள், கிளியனூர்ப் பக்கத்துப் பேச்சை அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்ல ஒரு நாளைக்கு ஆள் வேண்டும் என்றார். போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

அன்றுதான் கோவிந்தம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயது, காலனியில் ஒற்றை அறை வீடு. செங்கல் சூளையில் வேலை செய்த கணவர் மூச்சுத் திணறி இறந்து பத்து வருடம் ஆகிறது. நிலம் என்று ஒரு சாண் கிடையாது. பதினெட்டு வருடமாக ஆடுதான் அவருக்குச் சோறு போட்டது. அதுவும் சொந்த ஆடு இல்லை, வாரத்து ஆடு. நிலம் நீச்சு உள்ளவர்கள் பெட்டை ஆட்டை வாங்கி இவரைப் போன்றவர்களிடம் மேய்க்க விடுவார்கள். தாய் ஆடு அவர்களுடையது, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. எல்லாம் வாய் வார்த்தைதான்.

அதனால் ஒரே ஒரு வழக்கத்தில் மட்டும் கறாராக இருப்பார்கள். ஆடு செத்துப்போனால் மேய்க்கிறவர் அதன் காதை அறுத்து எடுத்துப் போய் உடையவரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விற்றுத் தின்றுவிட்டதாகத்தான் பேச்சு. அப்படி ஒருமுறை பேர் கெட்டால் அப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எவரும் ஒரு குட்டியைக்கூட நம்பி விடமாட்டார்கள். கோவிந்தம்மாள் மீது பதினெட்டு வருடத்தில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

அவரிடம் அப்போது பதினான்கு ஆடுகள். ஐந்து ஆடுகள் வேங்கடேசனுடையவை. கரும்பும் நெல்லுமாக எட்டு ஏக்கர் வைத்திருக்கும் மனிதர். மற்ற ஒன்பதும் வேங்கடேசனின் பங்காளிகள் இரண்டு பேர் விட்டவை.

தை மாதக் கடைசியில் வேங்கடேசனின் ஆடுகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வாயெல்லாம் புண், பின்னால் கழிச்சல். கோவிந்தம்மாள் தானே நடந்து போய் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் இரண்டு ஆட்டில் ரத்தம் எடுத்தார், ஆட்டுக்கொல்லி நோய் என்றார். செத்தால் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, முழுசாகப் புதைக்க வேண்டும், தோலை உரிக்கக்கூடாது, எதையும் அறுக்கக்கூடாது என்று சொன்னார். காதை மட்டுமாவது அறுத்துக்கொள்கிறேன் என்று கோவிந்தம்மாள் கெஞ்சியிருக்கிறார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். ஆறு நாளில் ஐந்தும் செத்தன. கோவிந்தம்மாள் வேங்கடேசனுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினார். நோய் என்று கேட்டதும் அந்த மனிதர் காலனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோவிந்தம்மாள் தனி ஆளாகக் குழி வெட்டி, சொன்னது சொன்னபடி புதைத்தார். டாக்டருக்குப் போனிலும் சொன்னார்.

இதற்கு எதற்கு வெளிநாட்டுக்காரர்கள் வர வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தக் காலத்தில் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயைப் பல நாடுகள் ஒன்றுசேர்ந்து உலகத்தை விட்டே ஒழித்துவிட்டார்களாம். அதேபோல ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிப்பதாகக் கெடு வைத்திருக்கிறார்கள். பதிவேட்டின்படி வேங்கடேசனின் ஐந்து ஆடுகளுக்கும் ஊசி போட்டாகிவிட்டது. ஊசி போட்ட ஆடு எப்படிச் சாகும்? மருந்தில் கோளாறா? அதே மருந்து வேறு நாடுகளுக்கும் போகிறது. அதனால்தான் கவலைப்பட்டு வந்தார்கள். தப்பு சொல்ல முடியாது.

வேங்கடேசன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சுற்றி முப்பது பேர் வேடிக்கை. கென்யாவிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மாதான் கேள்வி கேட்டார். பொறுமையான மனுஷி. ஊசி போட்டு எத்தனை நாள் கழித்து ஆடுகளுக்கு நோய் வந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். கோவிந்தம்மாள் வேங்கடேசனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அந்த அஞ்சுக்கும் ஊசியே போடல சார். மத்த ஒம்போதையும் நானே அந்த ஆட்டுக்காரங்க ஊட்டாண்ட ஓட்டிக்கினு போய் போட்டுக்கினு வந்தேன். அதான் அதுங்க பொழச்சிதுங்க. இந்த ஐயா ஊட்டுலேர்ந்து ஆட்ட ஓட்டிக்கினு வான்னு எனக்கு ஆள் வரல."

பிறகு விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. ஊசி போட வந்த ஒப்பந்த ஆளிடம் வேங்கடேசன், ஆடு மேயப் போயிருக்கிறது, ஐந்து என்று எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆளும் ஆட்டின் காதில் அடையாளத்துக்குக் குத்தியிருக்கும் வில்லைகளின் நம்பர்களை அவரிடமே வாங்கி எழுதிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிலை நான் டாக்டரம்மாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். இன்னொரு கேள்வியைப் போட்டு மழுப்பியிருக்கலாம். ஆனால் முப்பது பேர் முன்னால் என் இங்கிலீஷைக் காட்ட எனக்கு ஆசை. உரக்க, திருத்தமாக, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா எழுந்து வந்து கோவிந்தம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உங்கள் ஒரு வார்த்தை பல நாடுகளுக்கு உதவும் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். வேங்கடேசனின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் காலையில் டீக்கடையில் வேங்கடேசன் ஆரம்பித்தார். ஆடு செத்தது என்பதே பொய், டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு போன பிறகு ஐந்தையும் கறிக்கடைக்குத் தள்ளிவிட்டாள், இல்லையென்றால் காதைக் காட்டச் சொல்லுங்கள் என்றார். இரண்டு நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு. பங்காளிகள் இருவரும் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டு, நீ விற்கவில்லை என்று தெரிந்தால்தான் எங்கள் ஆடு இனி உன்னிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கு உடையவர் என்ற முறையில் வேங்கடேசனிடம் விசாரணைக் காகிதத்தில் ஒரு கையெழுத்து வாங்கச் சொல்லி வெளிநாட்டுக்காரர்கள் என்னை மறுபடி அனுப்பினார்கள். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் கோவிந்தம்மாள் வந்தார். முழங்கை வரை மண்ணும் சுண்ணாம்பும், முகத்தில் பாதியை மறைத்து முந்தானைக் கட்டு. உரப்பை ஒன்றை வாசலில் கவிழ்த்தார்.

ஐந்து காதுகள். மஞ்சள் வில்லை ஐந்திலும் அப்படியே இருந்தது. புதைத்துப் பதினெட்டு நாள் ஆன ஆடுகள். அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. காபியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"நம்பர பாருங்க ஐயா," என்றார் கோவிந்தம்மாள்.

வேங்கடேசன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நம்பரை அவர் பார்க்கவில்லை.

"கோவத்துல சும்மா சொன்னது. அதுக்குன்னு பொதச்சத போய் தோண்டிக்கினு வருவியா? எட்துக்கினு போ அந்தாண்ட," என்றார்.

சும்மா சொன்னாராம். ஒரு பெண்பிள்ளை காலையிலிருந்து தனியாக மண்ணை வாரி, அழுகிய உடம்புகளுக்குள் கையை விட்டு எடுத்து வந்ததைப் பார்த்து, சும்மா சொன்னேன் என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் கையில் இருந்த காகிதத்தில் அவருடைய கையெழுத்து இன்னும் விழவில்லை.

கோவிந்தம்மாள் அசையவில்லை. "அப்ப நான் திருடி இல்லன்னு உங்க பங்காளிங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"நான் என்னாத்துக்கு சொல்லணும்? நானா ஒன்ன திருடின்னு தப்பட்ட அடிச்சேன்?"

கோவிந்தம்மாள் காதுகளைப் பொறுக்கி உரப்பையில் போட்டுக்கொண்டு போனார். வேங்கடேசன் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பங்காளிகள் அன்று மாலையே வந்து ஒன்பது ஆடுகளையும் ஓட்டிப் போனார்கள். இப்போது திருடி என்று சொல்லவில்லை. நோயில் செத்ததைத் தோண்டிய கை எங்கள் ஆட்டைத் தொடக்கூடாது என்றார்கள். டாக்டரும் வந்து குழியை மறுபடி மூடவைத்து, படித்துப் படித்துச் சொன்னேனே என்று கோவிந்தம்மாளைத்தான் திட்டினார். குட்டிகளில் அவருக்கு வர வேண்டிய பாதியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

நான்கு மாதம் கழித்து அந்தக் குழுவின் அறிக்கை எனக்கு மெயிலில் வந்தது. நாற்பது பக்கம். பதினேழாம் பக்கத்தில் இந்த ஊர். மருந்தில் கோளாறு இல்லை, ஊசியே போடாத ஆடுகள்தான் இறந்தன, இந்தத் தகவலைத் தந்த பெண் முழுக்க நம்பத்தக்கவர் என்று எழுதியிருந்தார்கள். அவர் பேரைக் காக்க வேண்டுமாம், அதனால் பேர் போடவில்லை.

அச்செடுத்துக்கொண்டு கிளியனூருக்குப் பஸ் ஏறினேன். கோவிந்தம்மாள் நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் சுமந்துகொண்டிருந்தார். கரையிலேயே உட்காரவைத்து, அந்த வரிகளைத் தமிழில் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இத்த அந்த பங்காளிங்க ரெண்டு பேரு ஊட்டுலயும் வந்து படிச்சிக் காட்டிட்டு போறியா சார்? நீ படிச்சா கேப்பாங்க."

கண்டிப்பாகப் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் டியூஷனில்தான் படிக்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் வந்துவிட்டேன். ஆறு மாதம் ஆகிறது, இன்னும் அந்த வீடுகளுக்குப் போகவில்லை.