மவுஸைப் பிடுங்கிய நாள்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வெப்சைட் டெஸ்டர் வேலை. திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் படித்துச் சொல்லும். கீபோர்டிலேயே எல்லாம் செய்வேன். எங்கள் டீம் லீட் மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு பட்டுக்கடைக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். புடவை எந்த முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று தேதி கொடுக்க ஒரு காலண்டர் திறக்கும். மவுஸ் இல்லாமல் அதற்குள் போனால் தேதியையும் எடுக்க முடியாது, வெளியேயும் வர முடியாது. இரண்டு வார வேலைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டிலும், காலை மீட்டிங்கில் நின்றபடி நான் இதையே சொல்வேன்.

"அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்மா" என்பார் லீட்.

சைட் திறக்கப்போகும் வாரத்தில் மறுபடி கேட்டேன். சிரித்தார்.

"கண்ணு தெரியாதவங்க யாரும்மா பட்டுப்புடவ வாங்கிக்கினு இருக்காங்க?"

அக்கா கல்யாணத்துக்கு என் பட்டை நானே தடவிப் பார்த்து எடுத்தவள் நான். சைட் திறந்துவிட்டால் அந்தக் காலண்டரை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

முடித்த வேலையைச் செய்துகாட்டும் நாளில் கடைக்கார அம்மா வந்து உட்கார்ந்தார். நான் எழுந்துபோய், படிக்கும் குரலைப் போட்டேன். மானிட்டரை அணைத்தேன். லீட் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அம்மாவுக்கு ஒரு புடவ ஆர்டர் பண்ணிக் காட்டுங்கண்ணா."

"படம். படம். படம். பட்டன்" என்றது குரல். நிறம், பெயர் எதுவும் எழுதாததால் சைட்டிலிருந்த அத்தனை புடவையும் அந்தக் குரலுக்கு வெறும் படம்தான். லீட் எதையோ தட்டி, தடுமாறி, காலண்டருக்குள் போய் மாட்டிக்கொண்டார். அவர் கீபோர்டைக் குத்தும் சத்தம் எனக்கு இனித்தது.

"இதுலருந்து எப்டிம்மா வெளிய வர்றது?"

"அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்ணா."

கடைக்கார அம்மா சிரிக்கவில்லை. "இன்னாபா இது, வந்தவங்கள உள்ள வெச்சிப் பூட்டுனா மாரி இருக்குது? இந்தப் பொண்ணு வாங்குற வரைக்கும் தொறக்காத."

காலண்டரைச் சரிசெய்ததும், ஒவ்வொரு புடவைக்கும் நிறம் எழுதியதும் லீட்தான். பச்சை என்றால் எந்தப் பச்சை என்று கேட்டுத் திருப்பித் திருப்பி அனுப்பினேன்.

முதல் ஆர்டர் என்னுடையது. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு காலை மீட்டிங்கில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இது இன்னா கலர்ணா?"

"அரக்கு" என்றார், சன்னமாக. "கிளிப்பச்ச பார்டர். முந்தானையில அன்னம்." எழுதி எழுதி மனப்பாடமாகியிருந்தது.

"யார் வாங்குவாங்கன்னு கேட்டீங்களே" என்றேன். "நல்லாப் பாத்துக்கோங்க."