நான்கு குஞ்சம் வைத்த தலையணை

வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல் இருக்கிறது, வருகிறேன் என்று அக்கா போன் செய்தாள். நான் இருக்கும் படப்பைக்குப் பக்கம்தான். ஆனால் கோயில் ஒரு சாக்கு. அம்மா அவளோடு சாத்தூரில் இருந்தாள். என்னிடம் அனுப்பு என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீ ஒரு எடத்துல நெலையா இருக்கேன்னு கண்ணால பாத்தாத்தான் அனுப்புவேன்" என்பாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். திருப்பூர், ஓசூர், சூரத் என்று எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி கழித்ததில்லை. படப்பையில்தான் மூன்றாவது வருஷம்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். பாய், ஃபேன், ஆணியில் யூனிஃபார்ம். கூட இருந்த தென்காசிக்காரன் போன பிறகு அங்கே யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. சாய்ந்துகொள்ள அழகாக ஒரு தலையணை இருந்தால் வீடு மாதிரி இருக்குமென்று தோன்றியது. கார் சீட் தைக்கிறவனுக்கு அது என்ன பெரிய வேலை?

லீவு நாளில் மெரூன் துணி, இலவம்பஞ்சு, நான்கு மஞ்சள் குஞ்சம் வாங்கிவந்து, வீட்டுக்கார அம்மாவின் மெஷினில் உட்கார்ந்தேன். அந்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தது.

"இன்னாபா, சுருக்கம் வெச்சு ஃப்ரில்லெல்லாம் அடிக்கிற? பொண்ணு வூட்டுக்காரங்க வராங்களா?"

"எங்க அக்கா வராங்கம்மா."

"அக்காவுக்கா இவ்ளோ அலங்காரம்! என் தம்பியும்தான் கீறான், ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல."

மூலைக்கொரு குஞ்சம். பஞ்சைக் கெட்டியாக அடைத்தேன். சுவரோரம் வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்கா வந்தாள். "நீயா தச்ச?" என்று குஞ்சத்தைத் தடவினாள். முகம் மலர்ந்தது. சாய்ந்தாள். தலையணையின் இடது பக்கம் படக்கென்று வாயைப் பிளந்து, அவள் முதுகெல்லாம் பஞ்சு.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி லைனில் என் வேலை சீட்டின் இடப்பக்க ஓரம் மட்டும்தான். உள்ளே ஏர்பேக் இருக்கும். வண்டி மோதினால் அந்தத் தையல் பிரிந்து வழிவிட வேண்டும். அதனால் அங்கே ஒற்றைத் தையல், அதுவும் இடைவெளி விட்டு. இரட்டைத் தையல் போட்டால் ரிஜெக்ட். மூன்று பக்கம் இரட்டையாகத் தைத்த கை, இடது பக்கம் வந்ததும் தன் பழக்கத்துக்குப் போயிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, காருக்குத் தச்சியா, எனக்குத் தச்சியா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

டீ போட்டேன். இருந்தது ஒரே டம்ளர். அவள் குடித்து முடித்து, கழுவி என்னிடம் நீட்டினாள். நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை.

"அம்மா வந்தா எதுல குடிப்பா?"

நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

ஊசி கேட்டாள். பஞ்சைப் பொறுக்கி உள்ளே திணித்து, பிரிந்த பக்கத்தைக் கையாலேயே நெருக்கித் தைத்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தலையணையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மா கதையப் பெறகு பாப்போம். மொதல்ல இது போகட்டும்."

மறுநாள் இரண்டு டம்ளர் வாங்கினேன்.

அந்த வாரமே அம்மா போனில் கூப்பிட்டாள். "நல்லா மெத்துனு இருக்குய்யா. ஒரு பக்கம் மட்டும் கைத்தையல் போட்டிருக்கியே, மெஷின் ரிப்பேரா?"

அக்கா ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஆமாம்மா, ரிப்பேரு" என்றேன்.